மந்திரித்த சுரைக்காய்

சுரைக்காய் ஓர் ஆளைச் சாகடிக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஆரோக்கியசெல்வி வாய்விட்டுச் சிரித்திருப்பாள். பாம்பு சாகடிக்கும். பைபாஸில் போகிற லாரி சாகடிக்கும். சுரைக்காயா? முக்கால்வாசி தண்ணீரும் மிச்சம் விதையுமாக, காய்ச்சல்காரனுக்குக்கூடப் பயப்படாமல் ஆக்கிப் போடுகிற அந்தச் சாதுக் காயா? இன்றைக்கும் அவளால் அதை முழுசாக நம்ப முடியவில்லை. இத்தனைக்கும் எல்லாம் அவள் கண் முன்னால் நடந்தது.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரை ஓரமாக உள்ளே நடந்தால் அவள் ஊர். நடுவில் ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி வீடுகள், அவ்வளவுதான். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து செல்வி ஊரார் வயலில் நடவு நட்டவள், களை எடுத்தவள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியவள். அந்த ஏரிப் பாசனத்தில் அவள் கை படாத வயல் கிடையாது. அதில் ஒரு சாண்கூட அவளுடையதும் கிடையாது. அவளுக்கென்று இருந்த மண், அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற இடம்.

அந்த நாலு கட்டில் இடத்தில் அவள் பண்ணி வைத்திருந்த அக்கிரமத்தைப் பார்க்க வேண்டும். கத்தரி, வெண்டை, மிளகாய், வேலி முழுக்க அவரை, மூலையில் முருங்கை, உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் புதினா, சிமென்ட் சாக்கில் இஞ்சி. குளிக்கிற தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், அரிசி கழுவிய தண்ணீர் இன்னொரு பக்கம் ஓடும். கணவன் பிரான்சிஸ் வாய் கொப்பளிக்கிற தண்ணீரைக்கூடக் கண்ட இடத்தில் துப்ப விடமாட்டாள். இதில் விளைந்த எதையும் அவள் விற்றதில்லை. காலையில் முறத்தோடு தெருவில் இறங்குவாள். இந்த வீட்டுக்கு நாலு கத்தரிக்காய், அந்த வீட்டுக்கு ஒரு கை கீரை. அவள் கொடுத்த காய்க்கு ருசி அதிகம் என்று ஊரே சொல்லும். அதைக் கேட்கும்போது மட்டும் அவளுக்கு முகத்தில் ஒரு பெருமை வரும், அதை மறைக்கத் தெரியாது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தோட்டத்தில் தானாக முளைத்ததைப் பிடுங்க மாட்டாள்.

“நாம போட்டது வரலன்னா அது நம்ம கொற. போடாதது வந்தா அது ஆண்டவரு குடுத்தது. அதப் போயி புடுங்கிப் போடுவாங்களா?” என்பாள்.

அப்படி ஆண்டவர் கொடுத்ததுதான் அந்தச் சுரைக்கொடி. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நாள் இரண்டு இலையோடு நின்றது. குப்பை மண்ணோடு வந்த விதையா, ஏரிக்கரைப் புதரில் மேய்ந்த ஆடு கொண்டுவந்து போட்ட விதையா, யாருக்குத் தெரியும். சோப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்தே பாத்ரூம் தகரத்தின் மேல் ஏறிப் படர்ந்தது. புரட்டாசியில் இரண்டு காய் ஒன்றாக விளைந்து தொங்கின. வழவழவென்று, இளம்பச்சையில், ஒரு வடு இல்லாமல். வருகிறவர் போகிறவர் எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் காயை அந்த ஊரில் வீட்டில் வெட்ட மாட்டார்கள். நாக்கில் வைத்தும் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள், பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பூசை முடிந்ததும் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் வாசலில் அதை ஏலம் விடுவார். மந்திரித்த காய் என்றால் ஏலம் எடுத்தவர் வீட்டில் அதற்குத் தனி மரியாதை. தோல் காலில் மிதிபடக் கூடாது. வாயில் போட்டதைத் துப்பக் கூடாது. மிச்சம் வைத்துக் கொட்டினால் பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏலம் ஊரே சிரிக்கும்படி நடந்தது. கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் சவுரிராயன். டிராக்டர் ஓட்டுகிறவர், ஏலத்தில் தோற்றால் அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர். அவருடைய மகள் அமலா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாதம். செல்வி தோட்டத்துக் காய், அதுவும் மந்திரித்தது, பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கு ஆக்கிப் போட வேண்டும் என்று அவர் மும்முரமாக இருந்தார். அவரோடு போட்டி போட்ட இன்னொருவர் வேறு யாருமில்லை, பிரான்சிஸ்தான்.

“யோவ் மச்சான், உன் வூட்டுக் காய நீயே ஏலம் கேக்கறியே, உனக்கு இன்னா கிறுக்கா?” என்றார் சவுரிராயன்.

“என் பொண்டாட்டி கையால வந்தது. அடுத்தவன் வூட்டுக்கு அனுப்ப மனசு வரல, இன்னா பண்ணச் சொல்ற?” என்றான் பிரான்சிஸ்.

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு எழுந்தது. செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்குகிற காசுக்கு அந்தச் சுரைக்காயை எடுத்தார் சவுரிராயன். ஜெயித்த கையோடு அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை கறி நாள், யார் வீட்டிலும் சுரைக்காய் ஆக்க மாட்டார்கள். அதனால் அது திங்கட்கிழமை மத்தியானத்துக்கு என்று அவர் வீட்டு அரிசிப் பானைமேல் உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது காய் செல்வி வீட்டில் இருந்தது. பிரான்சிஸுக்குச் சர்க்கரை. கொத்தனார் வேலைக்குப் போகிற இடத்தில் யாரோ போனில் ஒரு வீடியோ காட்டியிருந்தார்கள். வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை பறந்துபோகுமாம். திங்கட்கிழமை காலையில் செல்வி அந்தக் காயைச் சீவி, மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டி, ஒரு சொம்பு நிறையக் கொடுத்தாள். பிரான்சிஸ் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“கசக்குது செல்வி.”

“சக்கரைக்குக் கசந்தாத்தான் நல்லது. பாவக்கா கசக்கல? மூச்ச அடக்கிக்கினு குடிங்க.”

“ரொம்பக் கசக்குதுடி.”

“சின்னப் புள்ளயா நீங்க? ஒரே தம்மா குடிங்க.”

அவன் ஒரே தம்மாகக் குடித்தான். பெண்டாட்டி சொன்னதை மறுத்துப் பழக்கமில்லாத மனிதன். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டினான்.

செல்வி மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பிரான்சிஸ் துவைக்கிற கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். வயிற்றில் யாரோ கத்தியை விட்டுத் திருகுகிற மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தான். குடித்ததெல்லாம் வந்தது. அதற்கப்புறம் மஞ்சளாக வந்தது. அதற்கப்புறம் வந்தது சிவப்பாக இருந்தது.

கல்லின் மேல் ரத்தம், அதற்கு மேலே பச்சைப்பசேல் என்று அந்தக் கொடி. எதைப் பார்க்கிறோம் என்றே செல்விக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பரிமளாதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டாள். பரிமளாவின் வீட்டுக்காரன் தென்னரசு ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டு பேருமாகப் பிரான்சிஸைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். வழி முழுக்கச் செல்வி ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். “வெறும் சுரக்காதானே. வெறும் சுரக்காதானே.”

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளவயசு டாக்டர் பெண். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டுச் செல்வி பக்கம் திரும்பினாள்.

“காலையில என்ன சாப்பிட்டார்?”

“ஒண்ணுமே சாப்புடலம்மா. சுரக்கா சாறு ஒரு சொம்பு, அவ்ளோதான்.”

டாக்டரின் கை அப்படியே நின்றது. “கசந்துதா?”

செல்வி பரிமளாவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். “சக்கரைக்கு நல்லதுன்னு…” என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை.

“கசக்கிற சுரைக்காய் விஷம்மா. பிபி இறங்கிக்கிட்டே இருக்கு, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அந்தக் காயை வேற யாரும் சாப்பிடலையே?”

“அது முச்சூடும் இவருக்குத்தான் அடிச்சுக் குடுத்தேன்.”

“அதே கொடியில வேற காய் இருந்தா யாரும் தொடக் கூடாது. வேக வெச்சாலும் அந்த விஷம் போகாது.”

அப்போதுதான் அது செல்வியின் நெஞ்சில் வந்து அடித்தது. கோயில் வாசல், தலைக்கு மேலே தூக்கின காய், நிறைமாத வயிற்றோடு நின்ற அமலா. சுவரைப் பிடித்துக்கொண்டாள். மணி என்ன என்று தெரியவில்லை, ஆனால் வெயில் ஏறியிருந்தது. ஊரில் உலை வைக்கிற நேரம்.

போன் போட்டாள். சவுரிராயனே எடுத்தார்.

“அண்ணே, அந்தச் சுரக்காய ஆக்காதீங்க அண்ணே. அது விஷம்.”

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. “அடி செல்வி, உன் வூட்டுக்காரன் சொல்லச் சொன்னானா? நேத்து தோத்துட்டு இன்னிக்கு இந்த வேலயா? நல்லா ஆக்கித் தின்னுட்டுத் தோல அனுப்பறேன்னு சொல்லு மச்சான்கிட்ட.”

“அய்யோ அண்ணே, அவரு ஆஸ்பத்திரியில…” என்பதற்குள் வைத்துவிட்டார். மறுபடி அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. வேறு யார் நம்பரும் அவளுக்கு அகப்படவில்லை, உபதேசியார் நம்பர் மட்டும் இருந்தது. அவரிடம் சொன்னாள்.

“என்னம்மா பேசற நீ? சாமி மந்திரிச்சதுல விஷம் இருக்குமா? அப்படி வாயால சொல்றதே பாவம்” என்றார் உபதேசியார். இத்தனைக்கும் அவர் நல்ல மனிதர். சவுரிராயன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரு தெருதான்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பிரான்சிஸை ஏற்றினார்கள். முண்டியம்பாக்கம் விழுப்புரம் பக்கம், ஊர் நேர் எதிர்த் திசை. செல்வி ஆம்புலன்ஸ் படியில் ஒரு கால் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிரான்சிஸ் கண்ணைத் திறந்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறான்.

“நீ போ” என்றான். “அந்தப் புள்ள வாயும் வயிறுமா இருக்குது. ஜல்தி போ.”

“உங்கள வுட்டுட்டு எப்படிங்க…”

“நீ போனாத்தான் அவன் நம்புவான். போடி.”

பரிமளா அவனோடு ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிற ஆளைத் திரும்ப உயிரோடு பார்ப்போமா என்று தெரியாமலே செல்வி தென்னரசுவின் ஆட்டோவில் ஏறினாள். ஒரே தம்மா குடிங்க. அவள் சொன்னதுதான். சின்னப் புள்ளயா நீங்க. அதுவும் அவள் சொன்னதுதான்.

சவுரிராயன் வீட்டு வாசலில் இறங்கும்போதே சுரைக்காய்க் கூட்டு தாளித்த வாசனை வந்தது. நல்ல வாசனை. உள்ளே சவுரிராயன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், அவர் தட்டு காலி. அவர் மனைவி அம்சவள்ளி இன்னும் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை, கரண்டியோடு நின்றாள். சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்த அமலாவின் தட்டும் காலி.

செல்வி ஓடிப்போய் அவள் தாடையைப் பிடித்தாள். “சாப்ட்டியாடி? சொல்லுடி, சாப்ட்டியா?”

அமலா மிரண்டுபோய் அம்மாவைப் பார்த்தாள்.

“சாப்ட்டாளே. கசக்குதுன்னு மொகத்தச் சுளிச்சா. புள்ளத்தாச்சி வாய்க்கு எல்லாம் கசக்கும், மந்திரிச்சதத் துப்பாதன்னு நான்தான் அதட்டிப் போட்டேன்” என்றாள் அம்சவள்ளி. “ஏன் செல்வி, இன்னா ஆச்சு? ஏன் உன் பொடவயில ரத்தம்?”

செல்வி தன் புடவையைப் பார்த்தாள். காலையிலிருந்து அது அங்கே இருந்திருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனி சொல்ல என்ன இருக்கிறது. தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிர், அவள் தோட்டத்துக் காயால். இல்லை, பிரான்சிஸைச் சேர்த்தால் மூன்று.

“அத்த” என்றாள் அமலா, குரல் கேட்கவே இல்லை. “நான் முழுங்கல. ஒரு வாய் வெச்சு முந்தானயில துப்பிட்டேன். மீதிய அம்மா அந்தண்ட திரும்பினப்போ அப்பா தட்டுல தள்ளிட்டேன்.”

செல்விக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மறுபடி நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பிச் சவுரிராயனைப் பார்த்தாள்.

அவர் முகத்தில் வேர்வை அரும்பியிருந்தது. “எனக்கும்தான் கசந்துது” என்றார். “கறிக்காசு குடுத்து எடுத்த காயி, அதுவும் மந்திரிச்சது. அத எப்படிக் கொட்டறது?” சொல்லிவிட்டு எழுந்து நிற்கப் பார்த்தார். பாதி எழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினவர் படியைத் தாண்டவில்லை.

தென்னரசு ஆட்டோ அன்றைக்கு இரண்டாம் முறையாகத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. இந்த முறை விஷம் என்ன என்று தெரிந்திருந்தது, அதனால் டாக்டர்களுக்குச் சொல்ல முடிந்தது. சவுரிராயனையும் முண்டியம்பாக்கத்துக்கே அனுப்பினார்கள். அமலாவைப் படுக்க வைத்து, வயிற்றில் பட்டை கட்டி, பிள்ளையின் துடிப்பைக் கேட்டார்கள். டக்டக்கென்று ரயில் ஓடுகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டபோது அம்சவள்ளி செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆண்கள் இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். முதலில் பிரான்சிஸ் பிழைக்க மாட்டான் என்றே நினைத்தார்கள், இரைப்பை முழுக்கப் புண் என்றார்கள். அப்புறம் மெல்லத் தேறினான். அடுத்தடுத்த படுக்கை. பேச்சு வந்த அன்றைக்கே சவுரிராயன் அவனைப் பார்த்து, “மச்சான், அந்த ஏலத்த நீயே எடுத்துத் தொலச்சிருக்கக் கூடாதா?” என்றார். பிரான்சிஸ் சிரிக்கப் போய் வயிறு வலித்து அழுதான்.

செல்வி ஒரு வாரம் கழித்து மாற்றுப் புடவை எடுக்க ஊருக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே அரிவாளை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டு வந்தாள், அந்தக் கொடியை வேரோடு அறுக்க. வேலிப் படலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

படலுக்கு வெளியே ஒரு குவியல் கிடந்தது. வாடின கத்தரிக்காய். சுருங்கிப்போன வெண்டைக்காய். பேப்பரில் சுற்றின புதினா. ஒரு தூக்குவாளி நிறைய அவரை. போன வாரம் அவள் முறத்தோடு வீடு வீடாகக் கொடுத்தவை. யாரும் எதுவும் சொல்லவில்லை, சண்டைக்கு வரவில்லை. வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டில் ஜன்னல் மூடிக்கொண்டது. பிரான்சிஸ் ரத்தம் கக்கினபோதுகூட இவ்வளவு அடி படவில்லை அவளுக்கு. அப்போது ஓட வேண்டியிருந்தது, இப்போது ஓட இடமில்லை. தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கையா?

கொடியை அறுத்தாள், வேரைத் தோண்டி எரித்தாள். மற்றச் செடிகளுக்கு அதற்கப்புறமும் தண்ணீர் ஊற்றினாள். காய்த்தது. பறித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நறுக்கி, பச்சையாக மென்று, கொஞ்ச நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் உலையில் போட்டாள். முறம் ஆணியில் தொங்கியது. தெருவில் யாருக்கும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பிரான்சிஸ் ஒரு நாள் சொல்லிப் பார்த்தான். “மண்ணு இன்னாடி பண்ணும், செல்வி.” அவள் கையிலிருந்த வெண்டைக்காயில் ஒரு துண்டைக் கடித்தாள்.

பொங்கல் பூசைக்கு அவள் ஒரு பீர்க்கங்காய் கொண்டுபோனாள். இந்த முறை கடையில் வாங்கின விதை, தன் கையால் ஊன்றியது, கொடியின் முதல் காய். பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்து நின்றாள். பூசை முடிந்து ஏலத்துக்கு வந்தது. உபதேசியார் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திகைத்தார்.

“நுனி இல்லையே. யாரு கடிச்சது?”

“நான்தான்” என்றாள் செல்வி. “நேத்தே தின்னு பாத்துட்டேன்.”

“ஆண்டவருக்கு வெக்கறத எச்சி பண்ணலாமாம்மா?”

“ஆண்டவரு கோவிச்சுக்கினா நான் பதில் சொல்லிக்கறேன். நான் தின்னு பாக்காத காய இனிமே ஒரு வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்.” அவள் காயை வாங்கக் கை நீட்டினாள். “எடுக்கறவங்க எடுங்க. எடுக்கலன்னா குடுங்க, நானே வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்.”

உபதேசியார் கேட்டார். மறுபடி கேட்டார். கோயில் வாசலில் அத்தனை பேர் நின்றார்கள், ஒரு வாய் திறக்கவில்லை. அமலா கைக்குழந்தையோடு தூண் ஓரம் நின்றாள். அவள்கூடக் கீழே பார்த்துக்கொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சவுரிராயன் வந்தார். பாதி உடம்பாக இளைத்திருந்தார், சட்டை தோளில் தொங்கியது. உபதேசியார் கையிலிருந்து பீர்க்கங்காயை வாங்கினார். செல்வி கடித்த இடத்துக்குக் கீழேயே ஒரு துண்டு முறித்து வாயில் போட்டார்.

“அப்பா!” என்றாள் அமலா. அம்சவள்ளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

சவுரிராயன் மென்றார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. அவர் முகம் கோணியது.

“நாரு” என்றார் அவர், பல்லில் மாட்டினதை விரலால் எடுத்துக்கொண்டே. “பீர்க்கங்கான்னா பீர்க்கங்காதான். எழுதிக்குங்க உபதேசியாரே, நான் கேக்கறேன்.”

ஆண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. “அதுக்கு மேல நான் கேக்கறேன்.” பிரான்சிஸ்.

“யோவ் மச்சான், மறுபடியும் உன் வூட்டுக் காய நீயேவா?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. உபதேசியாரும் சிரித்தார், அமலா குழந்தையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. சவுரிராயன் அந்தத் துண்டை விழுங்கியாகிவிட்டது. விழுங்கிய பிறகும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.